ஸ்டீயரிங் நம் கையில்: மீஞ்சூரிலிருந்து கிளம்பி இலங்கையில் கார் ஓட்டிச் சுற்றிவரத் தயாராவது எப்படி?

மீஞ்சூருக்குப் பக்கத்திலுள்ள எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து புதுக் கார்கள் வரிசையாகக் கப்பலேறி வெளிநாடு போகின்றன. ஆனால் சுற்றுலாப் பயணி தன் காரை அப்படிக் கொண்டுபோவது எளிதல்ல. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கார் ஏற்றும் பயணிகள் கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலிலும் ஆட்கள் மட்டுமே போகலாம். ஆகவே இலங்கையில் கார் ஓட்டிச் சுற்ற விரும்புபவர் விமானத்தில் போய், அங்கேதான் வாடகைக்குக் கார் எடுக்க வேண்டும்.

முதல்முறையாக வெளிநாட்டில் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு இலங்கை நல்ல தொடக்கம். அங்கும் இடதுபக்கப் போக்குவரத்துதான். ஓட்டுநர் இருக்கையும் வலதுபக்கம்தான். சாலைப் பலகைகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியைச் சுற்றி வருகிறது: ஓட்டுபவரை நடுவில் வைத்துத் திட்டம் போட வேண்டும். குடும்பச் சுற்றுலா என்றால் நம் வீடுகளில் ஊர்களின் பட்டியல் முதலில் தயாராகும். ஓட்டப்போகிறவரின் தூக்கம், கண்ணாடி, மருந்து, ஓய்வு எல்லாம் கடைசிக்குப் போய்விடும். விபத்துகளுக்கும் சண்டைகளுக்கும் இந்தத் தலைகீழ் வரிசையும் ஒரு காரணம்.

முதல் கட்டம்: 60 நாள் முன்பு முடிக்க வேண்டியவை

1. யார் ஓட்டுவது என்று முடிவு செய்யவும். ஒருவர் மட்டும் ஓட்டுவதைவிட இருவர் மாறி மாறி ஓட்டுவது பாதுகாப்பு. இருவர் என்றால் இருவருக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு கை கொடுக்காது.

2. பாஸ்போர்ட்டைப் பார்க்கவும். பயணத் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், குழந்தைகளுடையதும் அப்படியே. பெரியவர்களின் பாஸ்போர்ட்டைப்போல் குழந்தைகளின் பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்கு வராது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

3. லைசென்ஸைப் பார்க்கவும். அட்டையிலுள்ள பெயரும் பாஸ்போர்ட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருந்தால் இப்போதே திருத்தத்துக்கு விண்ணப்பிக்கவும். செல்லுபடிக் காலம் முடியும் நிலையில் இருந்தால் புதுப்பித்த பிறகுதான் அடுத்த வேலை.

4. பருவத்தைத் தேர்ந்தெடுக்கவும். இலங்கைக்கு இரண்டு மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மேற்கு மலைச்சரிவுகளை நனைக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை நம் ஊரை நனைக்கும் அதே வடகிழக்கு மழை யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் பெய்யும். கோடை விடுமுறையில் போகும் குடும்பத்துக்கு வடக்கும் கிழக்கும் ஏற்றவை. அரையாண்டு விடுமுறையில் போகிறவர் தெற்குக் கடற்கரையை எண்ணிப் பார்க்கலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் பெரும் நிலச்சரிவுகளை உண்டாக்கிச் சாலைகளைத் துண்டித்தது. மழைக்காலத்தில் மலைப்பாதையைத் திட்டத்தில் சேர்ப்பதற்கு முன், இலங்கையின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் நிலச்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது கட்டாயம்.

> குறிப்பு: திருவிழா நாட்களையும் நாட்காட்டியில் குறிக்கவும். ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா 25 நாள் நடக்கும். கோயிலைச் சுற்றிய சாலைகளில் வாகனம் விடமாட்டார்கள். கண்டி எசல பெரஹெராவும் ஏறத்தாழ அதே காலத்தில் வரும். ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் நுவரெலியாவில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது.

இரண்டாம் கட்டம்: ஓட்டும் அனுமதி

பலர் தடுமாறும் இடம் இதுதான். இதில் இரண்டு படிகள் உண்டு: ஒன்று இந்தியாவில், மற்றொன்று இலங்கையில்.

இந்தியாவில்

1. மத்திய அரசின் பரிவாகன் சாரதி இணையதளத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு, அதாவது ஐ.டி.பி.க்கு, விண்ணப்பிக்கவும். படிவத்தின் எண் 4ஏ. கட்டணம் 1,000 ரூபாய்.
2. லைசென்ஸ், பாஸ்போர்ட், பயணச்சீட்டு, புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைக்கவும்.
3. லைசென்ஸில் உள்ள முகவரிக்கு உரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அசல்களுடன் போகவும். ராயபுரத்தில் இருந்தபோது லைசென்ஸ் எடுத்து, பிறகு மீஞ்சூருக்குக் குடிவந்தவர் முதலில் முகவரியை மாற்றிவிடுவது நல்லது.
4. கையில் கிடைத்ததும் வாகன வகையைச் சரிபார்க்கவும். 'பி' என்பது கார், 'ஏ' என்பது இருசக்கர வாகனம். யாழ்ப்பாணத்தில் ஒருநாள் ஸ்கூட்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால் 'ஏ' பிரிவும் தேவை. துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் கனரக லைசென்ஸ்காரரும் கார் பிரிவு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அனுமதி ஓராண்டு வரை செல்லும். அதற்கு முன்பே லைசென்ஸ் காலாவதியானால் அதோடு இதுவும் முடிந்துவிடும். 2022 ஆகஸ்டில் வந்த மத்திய அரசு அறிவிக்கைக்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே வடிவில், லைசென்ஸ் விவரத்தோடு இணைந்த கியூ.ஆர். குறியீட்டுடன் தருகிறார்கள். இந்தியா 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி இதை வழங்குகிறது.

இலங்கையில்

இந்திய லைசென்ஸும் ஐ.டி.பி.யும் பையில் இருந்தால் மட்டும் இலங்கையில் ஓட்டிவிட முடியாது. அங்குள்ள அதிகாரபூர்வ அமைப்பு ஒன்றின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு வழிகள் இவை:

- கொழும்பு 3இல் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் ஐ.டி.பி.யைக் காட்டி மேலொப்பம் பெறலாம்.
- மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் தற்காலிக லைசென்ஸ் வாங்கலாம்.
- 2025 ஆகஸ்ட் முதல், கொழும்பு விமானங்கள் இறங்கும் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இத்திணைக்களத்தின் கவுண்டர் வெளிநாட்டவருக்குத் தற்காலிக லைசென்ஸ் தருகிறது.

கார் தரும் நிறுவனம் இவற்றில் எதை ஏற்கிறது என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்கவும். ஆட்டோமொபைல் சங்கம்தான் வழி என்றால் வார நாளில் போய் இறங்க வேண்டும். சனிக்கிழமை இரவு இறங்கினால் ஞாயிறு முழுவதும் காரில்லாமல் போய்விடும். பௌர்ணமி தோறும் இலங்கையில் அரசு விடுமுறை என்பதையும் மறக்கக்கூடாது.

> எச்சரிக்கை: 'சர்வதேச லைசென்ஸ், வீட்டுக்கே வரும்' என்று பிளாஸ்டிக் அட்டை விற்கும் தனியார் இணையதளங்கள் ஏராளம். இந்தியாவில் ஐ.டி.பி.யை ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும். அந்தத் தனியார் பிளாஸ்டிக் அட்டை போலீஸிடமும் செல்லாது, காப்பீட்டிலும் செல்லாது.

மூன்றாம் கட்டம்: நுழைவு அனுமதியும் பணமும்

1. இலங்கைக்குப் போக இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதி தேவை. இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் அரசு இணையதளத்தில் மட்டும் விண்ணப்பிக்கவும். அதேபோலத் தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தளங்கள் உண்டு. கட்டண விதி அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் நாளில் அத்தளத்தில் உள்ளதே சரியான தொகை.
2. கார் டெபாசிட்டுக்குப் பெரும்பாலும் கிரெடிட் கார்டு கேட்பார்கள். அது ஓட்டுபவர் பெயரில் இருப்பது நல்லது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்து வைக்கவும்.
3. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கைக் கடைகளில் யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும் வசதி உண்டு. செயலியில் சர்வதேசப் பயன்பாட்டை இயக்கினால்தான் அது வேலை செய்யும். சுங்கச்சாவடி, பார்க்கிங், இளநீர்க் கடைக்கு இலங்கை ரூபாய் நோட்டு கையில் வேண்டும்.
4. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கவும்: வாடகைக் காரை நானே ஓட்டும்போது காயம்பட்டால் மருத்துவச் செலவு கிடைக்குமா? பதிலை பாலிசி வாசகத்திலேயே காட்டச் சொல்லவும்.

நான்காம் கட்டம்: பாதை போடுவது

இலங்கை சிறிய தீவு என்று நினைத்து ஒரே நாளில் 350 கிலோமீட்டர் போடுபவர்கள் முதல் நாளே திணறிப்போகிறார்கள். அதிவேகப் பாதையில் 100, ஊருக்கு வெளியே 70, ஊருக்குள் 50 கிலோமீட்டர்தான் கார்களுக்கு வேக எல்லை. பெரும்பாலான சாலைகள் இருவழிச் சாலைகள். அவற்றில் பேருந்து, ஆட்டோ, சைக்கிள், மாடு எல்லாம் சேர்ந்தே போகும். கொழும்பிலிருந்து கண்டிக்கு 115 கிலோமீட்டர்தான். அதற்கே மூன்று மணி நேரம் தாராளமாக ஆகும்.

எனவே திட்டத்தாளில் கிலோமீட்டருக்குப் பதிலாக மணி நேரத்தை எழுதவும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். மாலை 5.30க்குள் தங்கும் இடத்தில் கார் நிற்க வேண்டும்.

நான்கு பேர் கொண்ட மீஞ்சூர்க் குடும்பத்துக்கு மே மாதத்துக்கு ஏற்ற ஏழு நாள் பாதை இது. தூரமும் நேரமும் தோராயமானவை.

1. முதல் நாள்: கட்டுநாயக்க – நீர்கொழும்பு. 12 கிலோமீட்டர். அனுமதி, சிம், கார் வாங்கும் நாள். வேறெதுவும் வேண்டாம்.
2. இரண்டாம் நாள்: நீர்கொழும்பு – சிலாபம் முன்னேஸ்வரம் – புத்தளம் – அனுராதபுரம். 170 கிலோமீட்டர், 4 மணி.
3. மூன்றாம் நாள்: அனுராதபுரம் – வவுனியா – கிளிநொச்சி – ஆனையிறவு – யாழ்ப்பாணம். 195 கிலோமீட்டர், நாலரை மணி. வவுனியாவுக்குப் பிறகு வருவது கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 சாலை.
4. நான்காம் நாள்: யாழ்ப்பாணம், கீரிமலை நகுலேஸ்வரம், நல்லூர். ஓட்டுபவருக்கு ஓய்வு, உள்ளூர் ஆட்டோவில் சுற்றலாம்.
5. ஐந்தாம் நாள்: யாழ்ப்பாணம் – வவுனியா – திருகோணமலை. 240 கிலோமீட்டர், ஐந்து மணி. இதுவே நீண்ட நாள். காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.
6. ஆறாம் நாள்: காலையில் திருக்கோணேஸ்வரம், பிறகு ஹபரணை – தம்புள்ளை – கண்டி. 180 கிலோமீட்டர், நாலரை மணி.
7. ஏழாம் நாள்: கண்டி – கட்டுநாயக்க. 110 கிலோமீட்டர், மூன்றரை மணி. விமான நேரத்துக்கு மூன்று மணி முன்பு காரை ஒப்படைக்கும்படி கணக்குப் போடவும்.

நீண்ட நாளுக்கு முந்தைய நாள் ஓய்வு நாளாக வைத்திருப்பதைக் கவனிக்கவும். வேறு பாதை போடுபவரும் இந்த வரிசையைக் கைவிட வேண்டாம்.

ஐந்தாம் கட்டம்: கார் பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை

1. ஓட்டுபவருக்கு வயது வரம்பு உண்டா? இரண்டாவது ஓட்டுநருக்குத் தனிக் கட்டணமா?
2. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம்? அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு?
3. விபத்து என்றால் வாடிக்கையாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய உச்சத் தொகை என்ன? டயர், கண்ணாடி, அடிப்பகுதிச் சேதம் காப்பீட்டில் உண்டா?
4. டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்?
5. யாழ்ப்பாணத்தில் வண்டி நின்றுவிட்டால் உதவி எங்கிருந்து, எத்தனை மணியில் வரும்?
6. குழந்தை இருக்கை கிடைக்குமா?
7. கியரா, ஆட்டோமேட்டிக்கா?

கடைசிக் கேள்வி முக்கியம். ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஆட்டோமேட்டிக், ஹைபிரிட் கார்கள் இலங்கையில் நிறைய. சிலவற்றில் திரையில் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருக்கும். கியர் வண்டி ஓட்டியே பழகியவர் கிளம்பும் முன் நண்பரின் ஆட்டோமேட்டிக் காரை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பழகிக்கொள்ளவும். இடது காலுக்கு வேலை இல்லை. கிளட்ச் என்று நினைத்து அந்தக் காலால் பிரேக்கை மிதிப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு.

ஆறாம் கட்டம்: மூட்டை கட்டுவது

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுநர்களுக்கு ஒரு விதி அத்துப்படி: பாரம் கீழே, நடுவே, அசையாமல். டிக்கிக்கும் அதே விதிதான். கனமான பை அடியிலும் பின் இருக்கையை ஒட்டியும் இருக்க வேண்டும். பின் கண்ணாடியை மறைத்துப் பை அடுக்கக்கூடாது. திடீர் பிரேக்கில் பின்பலகையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலும் முன்னால் இருப்பவர் தலையில் வந்து விழும்.

சிறிய ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் இரண்டு பெரிய கெட்டிப் பெட்டிகூட நுழையாது. ஆளுக்கு ஒரு துணிப்பை என்று வைத்துக்கொண்டால் வளைத்து மடக்கி ஏற்றலாம். கிளம்ப ஒரு வாரம் முன்பு எல்லாப் பைகளையும் அதே அளவுள்ள காரில் ஏற்றிப் பார்க்கவும். விமான லக்கேஜ் எடை வரம்பு டிக்கெட்டில் இருக்கும். அதில் 2 கிலோ குறைத்தே கட்டவும்.

அ. ஆவணப் பை (ஓட்டுபவர் தோளில், எப்போதும்)

- பாஸ்போர்ட், இ.டி.ஏ. அச்சுப்படி
- அசல் லைசென்ஸ் அட்டை, ஐ.டி.பி. (செல்போனில் டிஜிலாக்கரில் உள்ள லைசென்ஸை நம்பிப் போக வேண்டாம்)
- கார் முன்பதிவுத் தாள், நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி
- கிரெடிட் கார்டு, காப்பீட்டு பாலிசி, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள்
- எல்லாவற்றின் ஜெராக்ஸ் ஒரு செட், வேறொருவர் பையில்

ஆ. ஓட்டுபவர் பை

- மாற்றுக் கண்ணாடி, வெயில் கண்ணாடி
- பின்பட்டை உள்ள காலணி. ரப்பர் செருப்பு பெடலில் மாட்டிக்கொள்ளும்
- செல்போன் ஹோல்டர், கார் சார்ஜர், நீளமான கேபிள்
- சிறு டார்ச், துண்டு, தண்ணீர் பாட்டில்
- அன்றாட மருந்து, மருத்துவர் சீட்டுடன். தூக்கம் தரும் சளி மாத்திரையை ஓட்டும் நாளில் எடுக்கக்கூடாது

இ. குடும்பப் பை

- மலைவளைவில் குமட்டல் வருபவர்களுக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை, சில காகிதப் பைகள்
- காய்ச்சல், வயிற்றுப்போக்கு மருந்து, ஓ.ஆர்.எஸ்., கட்டுப்போடும் பொருட்கள், கொசு விரட்டி
- சதுர முனை மூன்று பின் அடாப்டர். இலங்கையில் புதிய கட்டடங்களில் இந்த வகைச் சாக்கெட்தான். நம் உருண்டைப் பின் அதில் நுழையாது
- ஆண்களுக்கு வேட்டி. நல்லூரில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்
- தோளும் முழங்காலும் மூடும் உடை, கால் சாக்ஸ். அனுராதபுரப் புனித இடங்களில் காலணியும் தொப்பியும் கழற்ற வேண்டும். நண்பகலில் கல்தரை சுடும்
- நுவரெலியா போகிறவருக்கு ஸ்வெட்டர். ஊர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது

வேண்டாதவை: பச்சைப் பழம், செடி, விதை ஆகியவற்றுக்கு அங்கே தாவரத் தடுப்புச் சோதனை உண்டு. ஊறுகாய் ஜாடியைக் கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள். பவர் பேங்கை மட்டும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. ஒரு வாரத்துக்கு அரிசி, குக்கர் என்று கட்ட வேண்டாம். இடியாப்பமும் சொதியும் சம்பலும் வழியெல்லாம் கிடைக்கும்.

ஏழாம் கட்டம்: மீஞ்சூரிலிருந்து விமான நிலையம்

பகல் விமானம் என்றால் மீஞ்சூரில் புறநகர் ரயில் ஏறி விம்கோ நகரில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவில் மாறாமல் விமான நிலையம் வரை போகலாம். பை குறைவாக இருந்தால் இதுவே நம்பிக்கையான வழி. கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்ட வேண்டியதில்லை.

விடியற்காலை விமானத்துக்கு டாக்ஸிதான். மணலி, எண்ணூர்ப் பக்கச் சாலைகளில் லாரி நெரிசல் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் வெளிவட்டச் சாலையில் வண்டலூர் போய் ஜி.எஸ்.டி. சாலையில் திரும்புவது சுற்றானாலும் நேரம் தவறாது. ஓட்டப்போகிறவர் முந்தைய இரவு பத்து மணிக்குத் தூங்கிவிட வேண்டும். கடைசிப் பை கட்டும் வேலை அவருக்கு வேண்டாம்.

எட்டாம் கட்டம்: காரை வாங்கும் முதல் 30 நிமிடம்

1. காரைச் சுற்றி வந்து வீடியோ எடுக்கவும்: ஒவ்வொரு கீறல், நான்கு டயர், முன் கண்ணாடி, கூரை, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எண்.
2. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்க்கவும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் அழுத்திப் பார்க்கவும்.
3. காப்பீட்டு அட்டை, கண்ணாடியில் ஒட்டிய ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் (வாகன வரிச் சான்று), புகைப் பரிசோதனைச் சான்று மூன்றின் தேதியையும் படிக்கவும்.
4. எந்த எரிபொருள் என்று மூடியில் பார்க்கவும். இலங்கையில் பெட்ரோல் 92, 95 என வகைகளில் கிடைக்கும். இலங்கை அரசு நிறுவனமான சிபெட்கோவும், நம் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யும் நாடெங்கும் பங்க் நடத்துகின்றன.
5. விளக்கு, வைப்பர், ஹாரன், ஏ.சி., கண்ணாடிகளை நிறுத்திய இடத்திலேயே இயக்கிப் பழகவும். பிறகு அமைதியான தெருவில் பத்து நிமிடம் ஓட்டவும்.
6. சிம் போட்டு, வழியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கி வைக்கவும்.

சாலையில்: பாதுகாப்பு விதிகள்

பாதசாரிக் கடவை. கோடு போட்ட இடத்தில் ஆள் கால் வைத்தால் அங்கே வண்டிகள் நிற்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஹாரன் அடித்து நழுவினால் விபத்தும் வழக்கும் வரும்.

நடுக்கோடு. தொடர்ச்சியான வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்துவது குற்றம். ஏ9 சாலையில் வேகம் பிடிக்கும் கருவியோடு போலீஸ் நிற்பது வழக்கம். அபராதம் என்றால் சீட்டு எழுதித் தருவார்கள். அதைத் தபால் நிலையத்தில் கட்டலாம். சாலையோரத்தில் ரொக்கம் நீட்டுவது தனிக் குற்றம்.

யானை. ஹபரணை–திருகோணமலை, ஹபரணை–பொலன்னறுவைச் சாலைகளிலும் தெற்கே புத்தல–கதிர்காமம் சாலையிலும் காட்டு யானைகள் கடக்கும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, பின்னால் போக இடம் விட்டுக் காத்திருக்கவும். ஹாரன், பிளாஷ், இறங்கிப் படம் எடுப்பது, வாழைப்பழம் நீட்டுவது எதுவும் கூடாது. இருட்டிய பிறகு இந்தச் சாலைகளில் போகவே வேண்டாம்.

ரயில் கடவை. கேட் இல்லாத ரயில் கடவைகள் பல உண்டு. மீஞ்சூர் கேட்டில் காத்திருந்து பழகியவர், கேட் இல்லாத இடத்தில் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இருபுறமும் பார்த்த பிறகே தாண்ட வேண்டும்.

மிதிவெடி. ஆனையிறவுக்கு வடக்கே முகமாலைப் பக்கம் போர்க்காலக் கண்ணிவெடிகளை அகற்றும் பணி நீண்ட காலமாக நடந்துவருகிறது. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகைக்கு அப்பால் சிறுநீர் கழிக்கக்கூடக் கால் வைக்கக்கூடாது.

மலை இறக்கம். கடுகண்ணாவ, ரம்பொட போன்ற இறக்கங்களில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் காரில் 'எல்' (L) அல்லது 'பி' (B) நிலைக்கு மாற்றி எஞ்சினால் வேகத்தைக் குறைக்கவும். பார்க்கிங்கைக் குறிக்கும் P, பிரேக்கைக் குறிக்கும் B இரண்டும் தமிழில் 'பி' என்றே ஒலிக்கும். ஓடும் வண்டியில் பார்க்கிங் நிலையைத் தொட்டுவிடக்கூடாது. எந்த நிலை எது என்று கார் தருபவரிடமே காட்டச் சொல்லவும்.

எல்லோருக்கும் பெல்ட். பின் இருக்கையில் இருப்பவர்களும் போட வேண்டும். குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைக்கக்கூடாது.

விபத்து நடந்தால்

1. வண்டியை நிறுத்தி, அபாய விளக்கைப் போடவும். அடிபட்டவர் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கவும்.
2. ஆம்புலன்ஸுக்கு 1990. 2016இல் இந்திய நிதியுதவியோடு தொடங்கிய 'சுவசெரிய' சேவை இது, கட்டணம் இல்லை. போலீஸுக்கு 119. சுற்றுலா உதவிக்கு 1912.
3. கார் நிறுவனத்தையும் காப்பீட்டு எண்ணையும் அழைக்கவும். அவர்கள் சொல்லும் முன் யாரோடும் பணம் பேசி முடிக்கக்கூடாது.
4. படம் எடுக்கவும், போலீஸ் பதிவின் எண்ணை வாங்கவும். அது இல்லாமல் காப்பீடு நகராது.

இந்த எண்களை மின்கலம் தீர்ந்தாலும் படிக்க முடியும்படி தாளில் எழுதி டேஷ்போர்டில் வைக்கவும்.

அடிக்கடி நடக்கும் ஐந்து தவறுகள்

1. ஐ.டி.பி. இருந்தால் போதும் என்று நினைத்து இலங்கை ஒப்புதலைக் கேட்காமல் போவது.
2. இரவு விமானத்தில் இறங்கி, தூங்காமல் நேராக 200 கிலோமீட்டர் ஓட்டுவது.
3. காரை வாங்கும்போது படம் எடுக்காமல் விட்டு, திருப்பித் தரும்போது பழைய கீறலுக்குப் பணம் கட்டுவது.
4. ஊர் எண்ணிக்கைக்காக ஓய்வு நாளை வெட்டுவது.
5. டிக்கி அளவு பார்க்காமல் பெட்டி வாங்குவது.

கிளம்பும் முன் கடைசிச் சோதனை

மூன்று நாள் முன்பு அரசு இணையதளங்களில் இ.டி.ஏ. விதியையும் தற்காலிக லைசென்ஸ் விதியையும் மறுபடி பார்க்கவும். கார் நிறுவனத்துக்கு இறங்கும் நேரத்தை உறுதிசெய்து எழுதவும். வானிலை எச்சரிக்கையைப் படிக்கவும்.

ஓட்டப்போகிறவருக்கு அன்று காய்ச்சலோ தலைச்சுற்றலோ இருந்தால், அல்லது அங்கே போனபின் ஓட்டத் தயக்கம் வந்தால், பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை. இலங்கையில் ஓட்டுநரோடு கார் வாடகைக்குக் கிடைப்பது எளிது. பல நிறுவனங்கள் முன்பதிவை அப்படி மாற்றியும் தரும். அந்த வழி இருக்கிறதா என்பதை முன்பணம் கட்டும் நாளிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.